ஊர்க்காற்றும் வானிலை அறிக்கையும்

உல்லாஸ்நகர் என்னும் ஊருக்கும் தமிழகத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது கல்யாணுக்கு அருகே படைவீரர்களுக்கென அமைக்கப்பட்ட முகாம், நாட்டுப் பிரிவினைக்குப் பின்னர்ச் சிந்து நாட்டிலிருந்து வந்த அகதிகளின் குடியிருப்பாயிற்று. 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாள், அப்போது கவர்னர் ஜெனரலாக விளங்கிய இராஜாஜி அவர்கள் அந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். அருகே ஓடும் உல்லாஸ் ஆறு அதற்குத் தன் பெயரை வழங்கியது. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் இருப்பதுபோல் இந்நகரிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன.

இங்கு வாழும் தமிழருக்குப் பெரும்பாலும் இரண்டு ஊர்களின் வானிலைமீது கவலை உண்டு. தம் வீட்டின் தகரக் கூரை இன்றிரவு தாங்குமா என்பது ஒன்று. தாய் தந்தையர் வாழும் சிற்றூரில் குலை தள்ளிய வாழைகள் நிற்குமா, கடலுக்குச் சென்ற தம்பி கரை சேர்வானா என்பது மற்றொன்று. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும்" என்று அறிக்கை கூறுகிறது. இந்த எண் எந்த இடத்துக் காற்றைக் குறிக்கிறது? உல்லாஸ்நகரின் தெருவுக்கும், கன்னியாகுமரி மாவட்டத்து ஒரு சிற்றூரின் தோட்டத்துக்கும் இதை எவ்வாறு பொருத்திக் கொள்வது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், காற்றைப் பற்றிய முன்னறிவிப்பு எங்கே பிறந்தது, எவ்வழியாகச் சிற்றூரை வந்தடைந்தது என்னும் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நலம்.

காற்றுக்குத் திசைப்படி பெயரிட்டு வழங்கிய மக்கள் நம் முன்னோர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். காற்று எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை விட்டு, எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டே இப்பெயர்கள் அமைந்துள்ளன. இன்றைய வானிலை நூலாரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று என்பதே பொருள். கடற்கரை மக்கள் கச்சான், சோழகம் முதலிய பெயர்களையும் வழங்குவர். ஒரே பெயர் ஊருக்கு ஊர் சற்றே வேறுபட்ட திசையைக் குறிப்பதும் உண்டு. ஒவ்வொரு துறையும் தன் கரையின் வளைவுக்கு ஏற்பக் காற்றை அளந்து வைத்தது என்பதற்கு அவ்வேறுபாடே சான்று.

இவ்வறிவு வெறும் பெயரளவில் நிற்கவில்லை. காற்றின் தொழிலைத் தனக்கு ஏவலாக்கிக் கடலில் கலம் செலுத்தியவன் மரபில் வந்தவன் எனக் கரிகால் வளவனைப் புறநானூற்றின் 66-ஆம் பாட்டு போற்றுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைக்கொண்டு நடுக்கடலைக் கடந்து மேற்குக் கரைக்கு வரும் வழியைக் கிரேக்க மாலுமிகள் அறிந்த பின்னர் முசிறியின் வாணிகம் பெருகிற்று. அக்காற்றுக்கு அவர்கள் ஹிப்பாலஸ் என்ற மாலுமியின் பெயரை வழங்கினர். எளிய கட்டுமரக்காரரும் விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்துச் சென்று, பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்றில் கரை திரும்பினர். உழவரும் மேல்காற்றை எதிர்பார்த்துத் தம் வேலைகளை வகுத்துக் கொண்டனர். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி, ஆண்டுதோறும் தவறாது வரும் ஒரு காற்றைப் பற்றிய ஊர் அனுபவத்தின் சுருக்கம் ஆகும்.

ஆயினும் இவ்வனுபவத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பருவத்தோடு வரும் காற்றை அது அறியும். பருவத்தை மீறி வரும் புயலை முன்கூட்டி அறியாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடல் நடுவே தோன்றும் புயலின் அடையாளம் வானத்திலும் அலையிலும் தென்படும்போது, தப்புவதற்குரிய நேரம் பெரும்பாலும் கடந்து போயிருக்கும். புயலைவிட விரைந்து செல்லும் செய்தி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்திக் கம்பி வந்த பிறகே அது இயல்வதாயிற்று.

அளப்பதற்குரிய நிலையங்கள் அதற்கு முன்னரே தோன்றியிருந்தன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டிலும், மும்பைக் கொலாபாவில் 1826-ஆம் ஆண்டிலும் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆய்வுக்கூடங்களை அமைத்தனர். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், வங்கக் கடலின் புயல்களைக் கப்பற் குறிப்பேடுகளின் துணைகொண்டு ஆராய்ந்து, 1848-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவற்றுக்குச் 'சைக்ளோன்' என்று பெயரிட்டார். பாம்பு சுருண்டு கிடப்பதுபோல் காற்று வட்டமிடுகிறது என்பது அவர் கருத்து. 1857-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் ஓர் எளிய விதியை வகுத்தார். பூமியின் வடபாதியில் வாழ்பவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்ந்த அழுத்தம் உள்ள இடம் அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கும் என்பதே அவ்விதி. இங்கிலாந்தில் அட்மிரல் ஃபிட்ஸ்ராய் தந்தி வழியே கரையோரச் செய்திகளைத் திரட்டி, 1861-ஆம் ஆண்டு முதல் நாளிதழில் வானிலை முன்னறிவிப்பை வெளியிடலானார்.

இந்தியாவில் இம்முயற்சிக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு பேரழிவு. 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலும் அதனோடு எழுந்த கடற்பெருக்கும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றன. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பெருஞ்சேதம் அடைந்தன. அடுத்த ஆண்டிலேயே அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கிற்று. 1866, 1871 ஆகிய ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும் அரசினரைச் சிந்திக்க வைத்தது. 1875-ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். 1886-ஆம் ஆண்டில் அவர் பருவமழை பற்றிய முதல் முன்னறிவிப்பை வெளியிட்டார்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. முன்னறிவிப்பு முதலில் கப்பலுக்காகவும் துறைமுகத்துக்காகவும் பிறந்தது. தந்தி துறைமுக அதிகாரியைச் சென்றடையும். கொடிமரத்தில் புயற்கூண்டு ஏறும். கப்பல்கள் நங்கூரத்தை வலுப்படுத்தும், அல்லது கடலுக்குள் விலகிச் செல்லும். துறைமுகத்திலிருந்து பத்துக் கல் தொலைவில் உள்ள குப்பத்தின் கண்ணுக்கு அக்கூண்டு தெரியாது. பின்னர் விமானங்கள் வந்தன. அவற்றுக்காக மேல்வானத்துக் காற்றை அளந்தார்கள். சிற்றூர் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சிற்றூரின் பக்கம் வானிலை அறிவியலைத் திருப்பியவர்களுள் முதன்மையானவர் பாலக்காட்டைச் சேர்ந்த எல். ஏ. ராமதாஸ் ஆவார். கல்கத்தாவில் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்ற இவர், 1932-ஆம் ஆண்டு புணேயில் தொடங்கிய வேளாண் வானிலைப் பிரிவை வளர்த்தெடுத்தார். காற்றில்லாத தெளிந்த இரவில் தரைதான் மிகவும் குளிர்ந்திருக்கும் என்பது அறிஞர்களின் அக்காலத்துத் துணிபு. ராமதாஸ் வயலில் கருவிகளை வைத்து அளந்து, தரைக்கு ஒரு சாண் இரு சாண் உயரத்தில் உள்ள காற்று தரையைவிடக் குளிர்ந்திருப்பதைக் கண்டார். பலர் முதலில் இதை நம்பவில்லை. பின்னர் மற்றவர் ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தின. இன்று அக்காற்றடுக்கு உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நகரத்து நிலையம் கூறும் அளவு ஒன்றாகவும், பயிர் நிற்கும் இடத்தின் அளவு வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதை இக்கண்டுபிடிப்பு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிற்று. 1945-ஆம் ஆண்டு உழவர்களுக்கென வானிலை அறிக்கைகள் அகில இந்திய வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கின. தந்திக் கம்பி செல்லாத ஊருக்கும் வானொலியின் குரல் சென்றது.

காற்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு நாடு முழுவதும் அளக்க முனைந்தவர் அன்னா மாணி அம்மையார். பீர்மேட்டில் 1918-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1948-ஆம் ஆண்டு வானிலைத் துறையில் சேர்ந்த இவ்வம்மையார், பிறநாடுகளிலிருந்து வந்த கருவிகளுக்கு மாற்றாக இந்நாட்டிலேயே நுட்பமான கருவிகள் செய்ய வழிகோலினார். பணி ஓய்வுக்குப் பின்னரும் காற்றாற்றல் கிடைக்கும் இடங்களை ஆராய்ந்து, நாட்டின் காற்று விவரங்களை 1983-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1986-ஆம் ஆண்டு இம்மராட்டிய நாட்டின் இரத்தினகிரியிலும் நம் தூத்துக்குடியிலும் காற்றாலைகள் நிறுவப்பெற்றன.

காற்றாலை அமைப்போர் கண்கூடாக அறிந்த உண்மையொன்று உண்டு. ஒரே மாவட்டத்தில், சில கிலோமீட்டர் தொலைவுக்குள், காற்று முற்றிலும் வேறுபடும். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் அக்காற்றுக்கு ஒரு வாயிலாக அமைகிறது. பரந்து வரும் ஆறு குறுகிய மதகில் நுழையும்போது விரைவது போலக் காற்றும் அவ்வாயிலில் விரைகிறது. அதனாலேயே முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுடையது. அதன் எதிரே அமைந்த கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளுக்கும் இவ்வாறே காற்று கிடைக்கிறது. மலையின் மறைவில் அமைந்த பக்கத்து ஊரிலோ அதே நாளில் இலை அசைவது அரிது. மாவட்டத்துக்கென ஓர் எண் கூறும் அறிக்கை இவ்விரண்டு ஊர்களுக்கும் ஒருங்கே பொருந்துவது எங்ஙனம்?

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சி ஒன்று புதுச்சேரியில் நடைபெற்றது. 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்குள்ள சிற்றூர்களில் தகவல் நிலையங்களை அமைக்கலாயினர். வில்லியனூர் அவற்றின் நடுவிடம். கடற்கரைக் கிராமமான வீராம்பட்டினத்து மக்களிடம், உங்களுக்கு எச்செய்தி வேண்டும் என்று கேட்டபோது, கடலின் நிலை தெரிய வேண்டும் என்பதே அவர்களுடைய முதன்மையான தேவையாக இருந்தது. அமெரிக்கக் கடற்படையினர் நாள்தோறும் இணையத்தில் வெளியிட்ட வங்கக் கடல் அலை உயரங்களையும் காற்றின் போக்கையும் பெற்று, தமிழில் எளிய சொற்களில் எழுதி, கடற்கரையை நோக்கி வைத்த ஒலிபெருக்கிகளில் அறிவித்தனர். எங்கோ ஒரு நாட்டுக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கணித்த காற்று, வலையைத் தோளில் சுமந்து கரையில் நிற்கும் மனிதரின் காதில் அவருடைய சொல்லிலேயே விழுந்தது. நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் கப்பலுக்கு உரியதாயிருந்த முன்னறிவிப்பு குப்பத்துக்கு வந்து சேர்ந்த நாள் அது எனலாம்.

அறிவிப்பைக் கேட்டவுடன் அனைவரும் வீட்டிலிருந்து விடவேண்டும் என்பதில்லை. அலை எவ்வளவு உயர்ந்தால் எவ்வகைப் படகு செல்லலாம், எந்தத் திசைக் காற்றில் முகத்துவாரத்தைக் கடப்பது அரிது என்பவை அவ்வூரார் அறிந்தவை. எண்ணைக் கணிப்பொறி தந்தது; அவ்வெண்ணின் பொருளை ஊர் தந்தது. இரண்டும் கூடிய இடத்தில்தான் முன்னறிவிப்பு பயன் தந்தது.

அவ்வேற்பாட்டின் பெருமையை வேறொரு துயர நாள் காட்டிற்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை காற்றினால் விளைந்ததன்று; கடலடி நிலநடுக்கத்தால் விளைந்தது. அதற்கு அன்று நம் நாட்டில் முன்னறிவிப்பு முறை இருக்கவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரிலும் அத்தகைய தகவல் நிலையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்து வந்தார். பேரலைச் செய்தியை அங்கே கேட்டவர், உடனே ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் நிலையத்தின் கதவைத் திறந்து, நாள்தோறும் கடல்நிலையைச் சொன்ன அதே ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். ஏறத்தாழ 3,600 பேர் கரையை விட்டு விலகி உயிர் பிழைத்தனர். படகுகள் போயின, வீடுகள் இடிந்தன, மக்கள் எஞ்சினர். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற ஒருவரின் குரல், ஊரில் ஏற்கெனவே அமைந்திருந்த ஒரு கருவியின் வழியே ஊரைக் காத்தது. தொலைபேசி மட்டும் இருந்திருந்தால் ஒரு வீடு அறிந்திருக்கும். ஒலிபெருக்கி மட்டும் இருந்திருந்தால் சொல்லுவதற்குச் செய்தி இருந்திராது.

இவற்றுள் ஒன்று இல்லாதபோது நேரும் இழப்பை 2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் காட்டிற்று. நவம்பர் 29-ஆம் நாள் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் புயலாக வலுத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய குமரி மாவட்டத்து ஊர்களின் மீனவர் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிப்பவர். அவர்களுட் பலர் எச்சரிக்கை வெளிவருவதற்கு முன்பே நெடுந்தொலைவு சென்றிருந்தனர். கரையில் ஒலித்த அறிவிப்பு அவர்களை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம் ஆடவரை இழந்தன. புயலுக்குத் தப்பிய படகுகள் பல, இம்மராட்டியக் கரையிலுள்ள சிந்துதுர்க் மாவட்டத்துத் தேவ்கட் துறையை அடைந்தன. டிசம்பர் 5-ஆம் நாள் மும்பையிலும் அப்புயலின் மழை பெய்து பள்ளிகள் மூடப்பட்டன. குமரிக்கும் மும்பைக்கும் ஒரே கடல் என்பதை அவ்வாரம் இங்குள்ள தமிழர் பலர் உணர்ந்தனர். ஆழ்கடலில் உள்ள படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் கருவி 2019-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டது.

இன்று நிலைமை பெரிதும் முன்னேறியுள்ளது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், ஊராட்சிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வானிலை முன்னறிவிப்பு வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. ஐந்து நாள்களுக்குரிய வெப்பம், மழை, மேகம், காற்று ஆகியவற்றைக் கைப்பேசியில் காணலாம். புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கிய பாரத் முன்னறிவிப்பு முறை 2025-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. முன்பு 12 கிலோமீட்டர் பக்கமுடைய சதுரங்களாக உலகை வகுத்துக் கணித்தவர்கள், இம்முறையில் 6 கிலோமீட்டர் சதுரங்களாக வகுக்கின்றனர்.

இது பெரும் சாதனையே. எனினும் அச்சதுரத்தை நாம் கண்முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆறு கிலோமீட்டர்ச் சதுரம் என்பது 36 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு. அதனுள் ஒரு குன்றும், ஓர் ஏரியும், மூன்று நான்கு சிற்றூர்களும் அடங்கிவிடும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்ணைத்தான் கணிப்பொறி தருகிறது. திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அளப்பதே உலகெங்கும் உள்ள முறை. வீடுகளும் மரங்களும் சூழ்ந்த தெருவில் காற்று அதைவிடத் தளர்ந்திருக்கும்; குன்றின் உச்சியிலும், இரண்டு கட்டடங்களுக்கு இடைப்பட்ட சந்திலும் அதைவிட வலுத்திருக்கும். அறிக்கையின் எண்ணோடு இடத்தின் இயல்பையும் சேர்த்துப் படிப்பதே முறையான படிப்பு.

எண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். அறிக்கையில் முதலில் வருவது சராசரி வேகம். இடையிடையே எனக் கூறப்படுவது சில நொடிகளே நிற்கும் வீச்சு. கூரையைப் பெயர்ப்பதும் கிளையை முறிப்பதும் பெரும்பாலும் இவ்வீச்சுத்தான். வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று ஒரு சதுர மீட்டர்ப் பரப்பை ஏறத்தாழ 47 கிலோ எடையோடு தள்ளும். மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஒரு தகரத்தின்மீது 140 கிலோ வரை அழுத்தம் ஏறும் என்றால், அதைச் சில ஆணிகளும் ஒரு செங்கல்லும் எவ்வாறு தாங்கும்?

2024-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள், செம்பூருக்கு அருகேயுள்ள காட்கோபரில் நேர்ந்ததை மும்பைத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். கோடை இடிமழைக்கு முன் எழுந்த புழுதிக்காற்றில் ஒரு விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின்மேல் சாய்ந்து 17 பேர் மாண்டனர். பக்கத்துக்கு 120 அடி அளவுடையது அப்பலகை. நகராட்சியின் விதி அனுமதித்ததோ 40 அடிதான். பக்கம் மூன்று மடங்காயின் பரப்பு ஒன்பது மடங்காகும். காற்று தள்ளும் விசையும் ஒன்பது மடங்காகும். இத்தகைய காற்று ஒரு சில பேட்டைகளை மட்டும் தாக்கி அரைமணி நேரத்தில் அடங்கிவிடும். ஐந்து நாளைக்குரிய அறிக்கை இதன் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகக் கூற இயலாது. இதற்கென இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் உரிய உடனடி முன்னறிவிப்புகளை வானிலைத் துறை வெளியிடுகிறது. வெயில் மிகுந்த நாளின் பிற்பகலில் கருமேகம் திரண்டால், காலையில் கேட்ட அறிக்கையோடு நின்றுவிடாமல் இவ்வுடனடி அறிவிப்பையும் நோக்குதல் வேண்டும்.

ஒரே நகருக்குள் வானிலை எவ்வளவு வேறுபடும் என்பதற்கு மழையிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். 2005-ஆம் ஆண்டு ஜூலைப் பெருமழையில் சாந்தாகுரூஸ் நிலையம் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்குள் உள்ள கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர் மட்டுமே. கொலாபாவின் அளவைக் கேட்டு உல்லாஸ் ஆற்றங்கரையில் அமைதியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உல்லாஸ்நகர் கடலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் உள்ளே அமைந்தது. மேற்கே பார்சிக் குன்றும், தெற்கே மலங்கட், மாதேரான் மலைகளும் நிற்கின்றன. பகலில் எழும் கடற்காற்று தென்மும்பையை முதலில் அடைந்து, பின்னரே தளர்ந்து இங்கு வரும். ஆகவே இங்குள்ளோர் மும்பை மாநகருக்குரிய அறிவிப்போடு நில்லாமல், தாணே மாவட்டத்துக்குரிய அறிவிப்பைக் கேட்பதே பொருத்தம்.

ஊரில் உள்ளவர்களுக்கும் சில எளிய வழிகளை நாம் எடுத்துக் கூறலாம். பைஸ் பாலட்டின் விதி இன்றும் பயன்படும். ஐப்பசி கார்த்திகையில் சோழமண்டலக் கரையில் வாடை வலுத்து வீசினால், காற்றுக்கு முதுகைக் காட்டித் தெற்கு நோக்கி நிற்போம். இடக்கை கிழக்கே கடலைக் காட்டும். தாழ்வு அங்கே உள்ளது. பின்னர் காற்று மேற்குப் பக்கமாகத் திரும்பினால் புயல் வடக்கே செல்கிறது. கிழக்குப் பக்கமாகத் திரும்பினால் தெற்கே செல்கிறது. இதை அறிவிப்புக்கு மாற்றாகக் கொள்ளல் ஆகாது. அறிவிப்பு நம் ஊருக்கு எவ்வாறு பொருந்துகிறது என்று சரிபார்க்க இது உதவும்.

கருவியின்றிக் காற்றை மதிப்பிடவும் முறை உண்டு. கடலில் காற்றின் வலிமையை மதிப்பிடும் அட்டவணையைப் போஃபோர்ட் என்னும் கடற்படை அதிகாரி 1805-ஆம் ஆண்டில் வகுத்தார். 1906-ஆம் ஆண்டில் அதை நிலத்துக்கு ஏற்ப விளக்கியவர் ஜார்ஜ் சிம்ப்சன். அவர் பின்னர்ச் சிம்லாவில் நம் வானிலைத் துறையிலும் பணியாற்றினார். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாது அசைந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதியும் காகிதமும் எழுந்து பறந்தால் 20 முதல் 28. பெருங்கிளைகள் ஆடிக் குடை பிடிப்பது அரிதானால் 39 முதல் 49. எதிர்த்து நடப்பது கடினமானால் 50 முதல் 61. ஓடுகள் பெயர்ந்தால் 75-க்கு மேல். அறிக்கை கூறிய வேகத்தையும் திசையையும் ஒரு குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதி, ஊரில் கண்டதை மறுபக்கம் எழுதி வந்தால், ஓர் ஆண்டில் அவ்வூருக்குரிய கணக்கு தெளிவாகிவிடும். மேல்காற்றுக் காலத்தில் அறிக்கையைவிட எங்கள் ஊரில் காற்று கூடுதல், வாடைக் காலத்தில் குறைவு என்று துணிந்து கூறும் நிலை வரும். பள்ளிப் பிள்ளைகளும் செய்யத்தக்க வேலை இது. வாழைக்கு எப்போது முட்டுக் கொடுப்பது, படகை எவ்வளவு மேலே இழுத்து வைப்பது என்பவற்றை அக்குறிப்பேடு பின்னர்த் தானே கூறும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவற்றில் ஒரு பங்கு உண்டு. இந்நகரங்களில் செய்தி விரைந்து கிடைக்கிறது. ஊரில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் புயலுக்கு முன்பே அறுந்துவிடுவது உண்டு. ஆகையால் காற்று எழுவதற்கு முந்திய நாளே தொலைபேசியில் பேச வேண்டும். புயல் வருகிறதாம், பத்திரமாய் இருங்கள் என்பதோடு நின்றுவிடும் பேச்சினால் பயன் குறைவு. காற்று எத்திசையிலிருந்து, எத்துணை வேகத்தில், எந்நேரத்தில் வரும் என்று அறிக்கை கூறுவதைச் சொல்லி, அத்திசைக் காற்றில் நம் தெருவில் முன்பு எது விழுந்தது என்று வீட்டிலுள்ள முதியவரைக் கேட்க வேண்டும். எண் நம்மிடம் இருக்கும். நினைவு அவர்களிடம் இருக்கும். ஊரில் அறிவிப்பைப் பெற்று அனைவருக்கும் சொல்லும் ஒலிபெருக்கி ஒன்று கோயிலிலோ, தேவாலயத்திலோ, பள்ளிவாசலிலோ, ஊராட்சி அலுவலகத்திலோ பழுதின்றி இருக்கிறதா என்பதையும் அடுத்த விடுமுறையில் செல்லும்போது பார்த்து வரலாம். பழுதாகியிருந்தால், ஊர்க்காரர் நால்வர் சேர்ந்து அதைச் சீர்செய்து கொடுப்பது பெருஞ்செலவன்று.